வி.பி.என். என்னும் தாயத்து

சென்ற வாரம் நமது வாசகசாலைக்கு வந்திருந்த தோழர் ஒருவர், தமது கைபேசியை எடுத்து நம் முகத்துக்கு நேரே நீட்டி, "இனிமேல் நமக்கு ஒரு பயமுமில்லை, வி.பி.என். போட்டாகிவிட்டது" என்று மிக்க சந்தோஷத்தோடு சொன்னார். என்ன பயம் நீங்கிற்று என்று கேட்டோம். "எல்லாப் பயமுந்தான்" என்றார். யார் கண்ணிலிருந்து மறைகின்றது என்று கேட்டோம். "எல்லார் கண்ணிலிருந்தும்" என்றார். விலை என்ன என்று கேட்டோம். "இலவசம்" என்றார். இந்த மூன்று பதில்களையும் கேட்டவுடன் நமக்குப் பேய் பிசாசு அண்டாமலிருக்க இடுப்பில் கட்டிக் கொள்ளும் தாயத்தின் ஞாபகந்தான் வந்தது. தாயத்துக் கட்டிக் கொள்ளுகிறவர் அந்தக் குப்பிக்குள் இருப்பது என்னவென்று பிரித்துப் பார்ப்பதில்லை. பிரித்தால் பலிக்காது என்று மந்திரவாதி முன்னமே சொல்லி வைத்திருக்கிறான். நமது தோழரின் தாயத்தை அன்று மாலை நாம் பிரித்துப் பார்த்துவிட்டோம். அதன் விவரத்தையே இங்கு எழுதுகின்றோம்.

நமது வாசகசாலைக்குக் கம்பி வழி இணைய இணைப்பு கிடையாது. வருகிற தோழர்களில் யாராவது ஒருவர் தமது கைபேசியில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து வைப்பார். மற்றவர்கள் தங்கள் லேப்டாப்பை அதில் சேர்த்துக் கொண்டு வேலை பார்ப்பார்கள். ஒருவர் ரீசார்ஜ் செய்த டேட்டாவை நாலு பேர் பங்கிட்டுக் கொள்ளுவது நல்ல காரியமே. அதைப் பற்றி நமக்கு ஆட்சேபணை இல்லை. அன்று மேற்படி தோழரின் கைபேசியில் மூன்று பேர் சேர்ந்திருந்தார்கள். ஒருவர் சர்க்கார் பரீட்சைக்குப் படிக்கும் வாலிபர். மற்றொருவர் வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்கு இங்கிருந்தபடியே கணக்கெழுதும் பெண் தோழர். மூன்றாமவர் படம் பார்க்க வந்தவர். இந்த மூவருக்கும் தோழர் அபயம் கொடுத்திருந்தார். அதாவது, "என் போனில் வி.பி.என். ஓடுகிறது, என் நெட்டை வாங்குகிற நீங்களும் அதற்குள் அடக்கம்" என்பதேயாகும்.

இதைச் சோதிப்பதற்குப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டியதில்லை. நம்முடைய ஐ.பி. விலாசம் வெளியே எப்படித் தெரிகின்றது என்று காட்டும் பக்கங்கள் இணையத்தில் எத்தனையோ இருக்கின்றன. அதில் ஒன்றை முதலில் தோழரின் கைபேசியில் திறந்தோம். அவர் நெதர்லாந்தில் இருப்பதாகக் காட்டிற்று. தோழர் பெருமையோடு நம்மைப் பார்த்தார். பிறகு அதே பக்கத்தை மூன்று லேப்டாப்புகளிலும் திறந்தோம். மூன்றும் சென்னையிலேதான் இருந்தன. கைபேசிக் கம்பெனியின் பெயர் கூட மறையாமல் அப்படியே தெரிந்தது. ஆகவே அபயம் கொடுத்தவர் ஒருவர் மாத்திரம் நெதர்லாந்துக்குப் போய்விட, அவரை நம்பி வந்த மூவரும் இங்கேயே நின்றுவிட்டார்கள் என்று ஏற்பட்டது.

இது அந்தக் கைபேசியின் கோளாறல்ல. ஆண்ட்ராய்டாயினும் ஐபோனாயினும் சாதாரணமாக ஏற்பாடே இதுதான். கைபேசியிலுள்ள வி.பி.என். ஆப், அந்தக் கைபேசியின் சொந்த ஆப்கள் அனுப்புகிறதை மாத்திரமே எடுத்துத் தன் வழியில் செலுத்துகின்றது. ஹாட்ஸ்பாட் மூலம் பிறருக்காகக் கைபேசி சுமந்து போகிற போக்குவரத்து அந்த வழியில் போகாமல், பழைய வழியிலேயே நேராகப் போய்விடுகின்றது. மழையில் வண்டிக்காரன் தன் தலைக்கு மேல் குடை பிடித்துக் கொண்டு வண்டி ஓட்டினால், பின்னால் திறந்த வண்டியில் உட்கார்ந்திருப்பவர்கள் நனையாமல் இருப்பார்களா? இதில் வேடிக்கை என்னவென்றால், குடை இல்லையென்று தெரிந்திருந்தால் அவர்கள் துண்டையாவது தலையில் போட்டுக் கொண்டிருப்பார்கள். குடை இருக்கிறதென்ற நம்பிக்கையினால் அதையும் செய்யவில்லை.

நிற்க, இந்த வி.பி.என். என்பதுதான் என்ன? வர்ச்சுவல் பிரைவேட் நெட்வொர்க் என்னும் மூன்று இங்கிலீஷ் வார்த்தைகளின் முதலெழுத்துக்களே அவை. பெயரைக் கேட்டு மலைக்க வேண்டியதில்லை. தபால் பெட்டியில் கடிதம் போட்டவர்களுக்கெல்லாம் இது விளங்கும். கார்டில் எழுதினால் தபால்காரர் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லோரும் படிக்கலாம். கவரில் போட்டு ஒட்டினால் உள்ளே இருப்பது தெரியாது. ஆனால் யாருக்குப் போகிறது, எப்போது போகிறது, எவ்வளவு கனம் என்பது தெரியும். இன்று பெரும்பாலான இணைய தளங்கள் பூட்டு அடையாளத்தோடு நடைபெறுகின்றனவே, அது இந்தக் கவரைப் போன்றது. உங்கள் பாங்கியின் பாஸ்வேர்டையோ, நீங்கள் படித்த பக்கத்தின் எழுத்தையோ கைபேசிக் கம்பெனி படிக்க முடியாது. நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பதை மாத்திரம் பெரும்பாலும் தெரிந்து கொள்ளும். வி.பி.என். என்பது அந்தக் கவரை இன்னொரு பெரிய கவருக்குள் வைத்து, வெளியே ஓர் ஏஜெண்டின் விலாசத்தை எழுதி அனுப்புவதாகும். வழியிலுள்ளவர்களுக்கு ஏஜெண்டின் பெயர் ஒன்றே தெரியும். ஏஜெண்டு பெரிய கவரைப் பிரித்து, உள்ளிருக்கும் கவரை உரியவருக்குத் தம் பெயரால் அனுப்பி வைப்பார். பதில் வந்தால் அதே மாதிரி திருப்பி அனுப்புவார்.

யோசித்துப் பார்த்தால் இதில் நடந்ததென்ன? இதுவரை கைபேசிக் கம்பெனி பார்த்துக் கொண்டிருந்த விலாசங்களையெல்லாம் இப்போது ஏஜெண்டு பார்க்கின்றார். அவ்வளவுதான். கைபேசிக் கம்பெனியை நம்பவில்லை என்று சொல்லுகின்ற தோழர், ஊர் பேர் தெரியாத ஏஜெண்டை எதனால் நம்பினார் என்று கேட்டால், "ஆப்பில் பூட்டுப் படம் போட்டிருந்தது" என்கின்றார். விபூதி பூசினவனெல்லாம் யோக்கியன் என்று நம்பினதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்பது நமக்கு விளங்கவில்லை.

இலவச ஏஜெண்டுகளின் யோக்கியதைக்கு உதாரணம் தேடி நாம் அலைய வேண்டியதில்லை. ஒனாவோ என்னும் இஸ்ரேல் தேசத்துக் கம்பெனியை 2013-ல் பேஸ்புக் கம்பெனி விலைக்கு வாங்கிற்று. ஒனாவோவின் இலவச வி.பி.என். ஆப் "உங்கள் தகவலைக் காப்பாற்றுகிறோம்" என்று சொல்லியே ஜனங்கள் கைக்கு வந்தது. உண்மையில் அதை வைத்துக் கொண்டிருந்தவர்கள் எந்தெந்த ஆப்பை எவ்வளவு நேரம் உபயோகிக்கிறார்கள் என்பதையெல்லாம் சேகரித்துப் பேஸ்புக் தன் வியாபாரத்துக்கு உபயோகப்படுத்திக் கொண்டது. 2018-ல் ஆப்பிள் கம்பெனியின் கடையிலிருந்து அது எடுக்கப்பட்டது. ஆஸ்திரேலியா தேசத்தின் போட்டி மற்றும் நுகர்வோர் கமிஷன் வழக்குத் தொடர்ந்து, 2023-ல் அந்நாட்டுப் பெடரல் கோர்ட்டு, பேஸ்புக்கின் கிளைக் கம்பெனிகள் இரண்டும் சேர்ந்து 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் கட்ட வேண்டுமென்று உத்தரவு போட்டது. காவலுக்கு வைத்த ஆளே வீட்டுக் கணக்கெடுத்து எஜமானிடம் கொடுத்த கதை இது.

ஹோலா என்கின்றதான இன்னொரு இலவச வி.பி.என். செய்த காரியம் நம்மைப் போன்ற டேட்டாப் பங்காளிகள் முக்கியமாய்க் கவனிக்க வேண்டியதாகும். அதை உபயோகித்தவர்களின் கணினியையும் இணைப்பையும் பிறர் போக்குவரத்து வெளியேறும் வாசலாக ஆக்கி, அதை வேறொரு பெயரில் காசுக்கும் விற்று வந்தது 2015-ல் வெளியாயிற்று. அப்படிப்பட்டதொன்று ஒரு ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்த லேப்டாப்பில் நுழைந்தால் என்ன ஆகும்? முன்பின் தெரியாதவன் செய்த காரியம் ரீசார்ஜ் செய்தவரின் டேட்டாவில், அவருடைய சிம்மின் பெயரால் பதிவாகும். நாளைக்கு விசாரணை வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் தர்மத்துக்கு நெட் கொடுத்தவரேயாவார். "நாங்கள் ஒரு பதிவும் வைத்துக் கொள்வதில்லை" என்று பிரசாரம் செய்து வந்த யூ.எப்.ஓ. வி.பி.என். என்ற கம்பெனியின் பதிவுகள் 2020-ல் பூட்டில்லாமல் இணையத்தில் கிடந்து கண்டுபிடிக்கப்பட்டதையும் இத்தோடு சேர்த்துக் கொள்ளலாம்.

அப்படியானால் காசு கொடுத்து வாங்கினால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் சொல்ல முடியாது. காசு வாங்கினவர் காசுக்காக நடந்து கொள்ளக் கொஞ்சம் இடமுண்டு என்பது மாத்திரமே நம் அபிப்பிராயம். நம் நாட்டில் 2022-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 28-ந் தேதி, சைபர் பந்தோபஸ்தைக் கவனிக்கும் செர்ட்-இன் என்னும் சர்க்கார் இலாகா ஓர் உத்தரவு போட்டது. அதன்படி வி.பி.என். கம்பெனிகள் தங்கள் வாடிக்கைக்காரர்களின் பெயர், விலாசம், போன் நம்பர், கொடுத்த ஐ.பி. விலாசம், எதற்காக வாங்குகிறார்கள் என்ற காரணம் முதலியவைகளை 5 வருஷம் வைத்திருக்க வேண்டும். ஆபீசுகள் தங்கள் சிப்பந்திகளுக்காக வைத்திருக்கும் வி.பி.என்.களுக்கு இது பொருந்தாது என்று பின்னால் விளக்கம் சொல்லப்பட்டது. எக்ஸ்பிரஸ் வி.பி.என்., நார்டு வி.பி.என்., சர்ப்ஷார்க் ஆகிய கம்பெனிகள் இதற்குச் சம்மதிக்காமல் இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை எடுத்துக் கொண்டு போய்விட்டன. தாயத்து விற்கிறவர்கள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இதற்குள் ஒரு கனவான் குறுக்கிட்டு, "யோக்கியனுக்கு இரகசியம் எதற்கு? மறைக்க வேண்டியவன்தானே மறைக்கிறான்" என்று கேட்டார். இந்தக் கேள்வி புதிதல்ல. குளிக்கும் அறைக்குக் கதவு வைப்பவனெல்லாம் உள்ளே கள்ள நோட்டு அச்சடிக்கிறான் என்று யாரும் சொல்லுவதில்லை. அந்தரங்கம் என்பது ஒவ்வொருவரின் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு ஜட்ஜுகள் 9 பேர் சேர்ந்து ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றார்கள். காஷ்மீர ஜனங்களைக் கேட்டால் இன்னும் விவரமாய்ச் சொல்லுவார்கள். அங்கே 2019 ஆகஸ்டில் இணையம் அடியோடு நிறுத்தப்பட்டது. 2020 ஜனவரியில் மெதுவான 2ஜி வேகத்தில், சர்க்கார் ஜாபிதாவிலுள்ள தளங்களுக்கு மாத்திரம் போகலாம் என்று திறந்து விடப்பட்டது. 4ஜி முழுவதும் திரும்பினது 2021 பிப்ரவரியில்தான். ஜாபிதாவில் இல்லாத செய்தியையும் சொந்தக்காரர்களின் சேதியையும் தெரிந்து கொள்ள அவர்கள் இந்த வி.பி.என்.னைத்தான் பிடித்தார்கள், அதற்காகப் போலீஸ் வழக்கும் வந்தது. வி.பி.என். உபயோகிப்பதே குற்றம் என்று இந்தியா முழுவதற்குமான சட்டம் எதுவும் கிடையாது. ஆனால் காஷ்மீரத்தில் சில ஜில்லா மாஜிஸ்திரேட்டுகள் அவ்வப்போது தடையுத்தரவு போட்டு வந்திருக்கின்றார்கள். ஆகவே வி.பி.என். பிரயோஜனமில்லாத பொருள் என்பது நம் வாதமல்ல. எதற்குப் பிரயோஜனம், யாரிடமிருந்து மறைக்க, யாரை நம்பி என்பவைகளைத் தெரிந்து கொண்டு உபயோகிக்க வேண்டுமென்பதே நம் வாதம்.

கனவான் போன பிறகு, கணக்கெழுதும் பெண் தோழர் நம்மிடம் தனியாக ஒரு விஷயம் கேட்டார். இதைத்தான் நாம் முக்கியமாகக் கருதுகின்றோம். "அய்யா, வீட்டில் என் வீட்டுக்காரர் போனிலிருந்துதான் நெட் வாங்கிக் கொள்ளுகிறேன். என் கொழுந்தனார், 'அண்ணி நெட்டில் என்னென்ன பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அண்ணன் போனில் தெரியும்' என்று சொல்லுகிறார். நிஜந்தானா?" என்றார். கொழுந்தனார் சொன்னது பெரும்பாலும் மிரட்டலே. சாதாரண ஹாட்ஸ்பாட்டில், எத்தனை கருவிகள் சேர்ந்திருக்கின்றன, அவற்றின் பெயர் என்ன, எவ்வளவு டேட்டா போயிற்று என்கிற அளவுதான் தெரியும். இதற்கென்றே தனி ஆயுதம் வைத்துத் தேடுகிறவருக்குத் தளங்களின் பெயர் தெரியலாம். அந்த அம்மையாரின் சொந்த லேப்டாப்பில் வி.பி.என். ஓடினால் அதுவும் அடைபடும். ஆனால் நாம் திருப்பிக் கேட்ட கேள்வி வேறு. அந்த லேப்டாப்பின் பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டோம். "வீட்டில் எல்லோருக்கும் தெரியும்" என்றார். பிரவுசரில் யாருடைய கூகிள் கணக்கு என்றோம். "அவருடையதுதான்; அவர்தான் முதலில் போட்டுக் கொடுத்தார்" என்றார்.

விஷயம் இப்படி இருக்கின்றது. ஒரே கணக்கு இரண்டு கருவியிலும் திறந்திருந்து, ஒத்திசைவும் போட்டிருந்தால், இங்கே பார்த்த பக்கத்தின் ஜாபிதா அங்கே தானாகவே போய்ச் சேர்ந்துவிடும். இதை வி.பி.என். தடுக்காது. நடுவழியில் யாரும் கவரைப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை. எழுதுகிற மேஜையிலேயே நகல் எடுத்தாகிவிட்டது. ஆகையால் அந்த அம்மையாருக்கு நாம் சொன்னது, முதலில் சொந்தக் கணக்கு, பிறகு சொந்தப் பாஸ்வேர்டு, அதற்கப்புறந்தான் வி.பி.என். என்பதாகும். இன்னொன்றும் சொன்னோம். மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிற அவர், தம் பெயரில் ஒரு சிம் வாங்கி ரீசார்ஜ் செய்து கொள்ளாமல், பிறர் ஹாட்ஸ்பாட்டைத் திறந்தால் வேலை, மூடினால் வேலையில்லை என்று ஏன் இருக்க வேண்டும்? சாவி பிறர் கையிலுள்ள வீட்டில் உள்தாழ்ப்பாளைப் பற்றிப் பேசுவதில் அதிகப் பொருளில்லை. அவர் சிரித்துக் கொண்டு, யோசிக்கிறேன் என்றார்.

இனி, பங்கிட்ட மொபைல் இணைப்பில் வி.பி.என்.னை எப்படித்தான் போடுவது என்பதைச் சொல்லிவிடுகின்றோம். எந்தக் கருவியில் வேலை நடக்கின்றதோ அந்தக் கருவியிலேயே போட வேண்டும். நெட் கொடுக்கிற கைபேசியில் போட்டுப் பிரயோஜனமில்லை. சில மாற்று ஆண்ட்ராய்டுகளில் ஹாட்ஸ்பாட்டுக்காரர்களையும் உள்ளே சேர்த்துக் கொள்ள வசதி உண்டு. நடுவில் ஒரு சிறு ரௌட்டரை வைத்து எல்லோருக்குமாகச் சேர்த்தும் போடலாம்; அப்போது ரௌட்டர் வைத்திருப்பவரே எஜமானராகிவிடுகிறார் என்பதை மறக்கக் கூடாது. அன்று நாம் வயர்கார்டு என்பதை எடுத்துக் கொண்டோம். ஜேசன் டோனன்பெல்டு என்பவர் எழுதிய இது 2020-ல் லினக்ஸிலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. இதன் உள்ளே இருப்பதை யார் வேண்டுமானாலும் பிரித்துப் படித்துக் கொள்ளலாம். படித்தால் பலிக்காது என்று ஒருவரும் சொல்லுவதில்லை. காசு கொடுத்து வாங்கிய கம்பெனியிலிருந்து ஒரு சிறு பைல் வரும். அதை வயர்கார்டில் ஏற்றிப் பொத்தானை அழுத்தினால் தீர்ந்தது.

இங்கே நாமே ஒரு முட்டாள்தனம் செய்தோம். ஒரே பைலை இரண்டு லேப்டாப்புகளில் ஏற்றிவிட்டோம். வாலிபர் வேலை செய்தால் அம்மையாருடையது நின்றுவிடும். அம்மையாருடையது வந்தால் வாலிபருடையது போய்விடும். அரைமணி நேரம் டவர் சரியில்லை என்று கைபேசிக் கம்பெனியைத் திட்டிக் கொண்டிருந்தோம். படம் பார்க்க வந்தவர் இன்றைக்குச் சந்திராஷ்டமம் என்றார். பிறகுதான் விளங்கிற்று, ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி வேண்டும். ஒரே சாவியோடு இருவர் வந்து நின்றால் சர்வர் கடைசியாய் வந்தவருக்கே பதிலைக் கொடுக்கும் என்று. வேறு பைல் வாங்கிப் போட்டவுடன் சந்திராஷ்டமம் விலகிற்று.

அடுத்தபடியாக, சில தளங்கள் உடனே திறந்தன. சில பாதியிலேயே நின்று சுற்றிக் கொண்டிருந்தன. இது மொபைல் இணைப்பில் அடிக்கடி நேரிடுவது. கவருக்குள் கவர் வைத்தால் கனம் கூடுமல்லவா? பொட்டலத்தின் அளவு வழியிலுள்ள வாசலை மீறினால் அங்கேயே விழுந்துவிடும். வயர்கார்டில் எம்.டி.யு. என்னும் இந்த அளவு சாதாரணமாக 1420 இருக்கும். அதை 1280 ஆக்கினோம், சரியாய்ப் போயிற்று. இணைப்பு சும்மா இருக்கும்போது வழி அடைபடாமலிருக்க 25 செகண்டுக்கு ஒரு தரம் தட்டிக் கொண்டிருக்கும்படி ஓர் ஏற்பாடுண்டு, அதையும் போட்டோம். பைலில் எந்தெந்தப் போக்குவரத்து உள்ளே போக வேண்டும் என்று குறிக்கும் இடத்தில் 0.0.0.0/0 என்பது மாத்திரம் இருந்தால் போதாது. ::/0 என்பதும் வேண்டும். முதலாவது பழைய ஐ.பி. விலாசங்களுக்கு, இரண்டாவது ஐ.பி. ஆறாம் பதிப்புக்கு. நம் கைபேசிக் கம்பெனிகளில் ஆறாம் பதிப்பு தாராளமாய் ஓடுகின்றது. ஒன்றை மூடி ஒன்றைத் திறந்து வைத்தால் பாதிப் போக்குவரத்து வெளியே போய்க் கொண்டிருக்கும். பெயரைக் கேட்டு விலாசம் சொல்லும் டி.என்.எஸ். சர்வரையும் பைலிலேயே குறித்துவிட வேண்டும். டவர் மாறும்போது வி.பி.என். அறுந்தால் லேப்டாப் சத்தமில்லாமல் பழைய வழியில் போகாதபடி தடுக்கும் பெட்டியில் டிக் செய்ய வேண்டும். வயர்கார்டே சேராத இணைப்பும் சில உண்டு; அங்கே 2001 முதலே இருந்து வரும் ஓப்பன் வி.பி.என்.னை டி.சி.பி. 443 வழியாகப் போட்டுப் பார்க்கலாம். எல்லாம் முடிந்த பிறகு, முதலில் சொன்ன விலாசம் காட்டும் பக்கத்தை மறுபடியும் ஒவ்வொரு லேப்டாப்பிலும் திறந்து கண்ணால் பார்க்க வேண்டும். யாராவது சொன்னார்கள் என்று நம்பிவிடக் கூடாது, நாம் சொன்னாலும் கூட.

இதனால் டேட்டா மிச்சமாகாது. நூற்றுக்கு ஏதோ சில பங்கு அதிகமாகவே செலவாகும். வேகமும் கொஞ்சம் குறையும். வெளிநாட்டு விலாசத்தோடு போனால் சில சர்க்கார் தளங்களும் பாங்கிகளும் கதவைத் திறக்க மாட்டா. அந்த நேரத்துக்கு அணைத்து வைத்துக் கொள்ளலாம்.

முடிவில் தாயத்துத் தோழர் தமது இலவச ஆப்பை எடுத்துவிட்டார். "பதிலுக்கு என்ன போட?" என்று கேட்டார். அவர் கைபேசியில் செய்வது பாங்கியும் பத்திரிகையும் பேச்சும் மாத்திரமே. அவைகளுக்குப் பூட்டுள்ள கவரே இப்போதைக்குப் போதும் என்று சொன்னோம். அவருக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது. வெறும் இடுப்போடு வீட்டுக்குப் போகிறவரைப் போல இரண்டு தரம் கைபேசியைத் தடவிப் பார்த்துக் கொண்டு போனார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்கு மறுபடியும் வாசகசாலையில் கூடுகின்றோம். தங்கள் லேப்டாப்பில் இதைப் போட்டுக் கொள்ள விரும்பும் தோழர்கள், முக்கியமாய்ப் பெண் தோழர்கள், சார்ஜரோடு வரவும். பாஸ்வேர்டை நம்மிடம் சொல்ல வேண்டாம். நீங்களே அடித்துக் கொள்ளுங்கள். அன்றைக்கு ஹாட்ஸ்பாட் நம்முடையது. படம் பார்க்கிறவர்கள் மாத்திரம் தங்கள் சொந்த டேட்டாவோடு வரும்படி கேட்டுக் கொள்ளுகின்றோம்.